மந்திரி மாமாவின் ஸ்க்ரூ டிரைவர்

மந்திரியான பிறகு மாமா முதன்முதலாகச் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஊர்வலம் போன அன்று எங்கள் குடும்பத்துக்கே தலைகால் புரியவில்லை. எனக்கு மட்டும் ஒரு கவலை. அத்தை திறந்த வண்டியில் ஏறுவாளா, மாட்டாளா? அவள் ஏறினால் என்னையும் ஏற்றிக்கொள்வதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார். அத்தையோ பின்னால் வந்த காரில், என் அம்மாவின் பக்கத்தில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாமா என் அம்மாவின் அண்ணன். விமானப்படையில் இன்ஜினியராக இருந்தவர். அந்த வேலையை விட்டுத் தேர்தலில் நின்றது அத்தைக்குத் துளியும் பிடிக்கவில்லை. பிரசாரத்தில் யார் எதைக் கேட்டாலும் அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டியது அதைவிடப் பிடிக்கவில்லை.

“நான் கட்டிக்கினு வந்த மனுஷன் இவரில்லே” என்றாள்.

திருப்பதியில் ஆரத்தித் தட்டுகளோடு பெண்கள் காத்திருந்தார்கள். மந்திரி தனியாக வந்து நின்றால் ஊர் என்ன பேசும் என்று அம்மா கெஞ்சினாள். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் ஆசையில் மண் விழுந்தது.

புத்தலப்பட்டு தாண்டியதும் மாமாவின் வண்டி புகை விட்டு நின்றுபோனது. ஊர்ந்து ஊர்ந்து வந்ததில் இன்ஜின் சூடேறி, தண்ணீர்க் குழாய் கழன்றுவிட்டதாம். வேறு வண்டியில் ஏறச் சொன்ன கட்சிக்காரர்களை மாமா சட்டை செய்யவில்லை. சூடு ஆறியதும் டிரைவரின் டூல் பெட்டியை வாங்கிக்கொண்டார். மாலைகளை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு பானெட்டுக்குள் தலையை விட்டார். கருத்துப்போன கைகளோடு அவர் நிமிர்ந்தபோது கூட்டம் விசிலடித்தது.

டிரைவர் சாவியைத் திருகப் போனார். மாமா கையை உயர்த்தினார். பெட்டியில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் குறைந்தது.

விமானப்படையில், எடுத்த சாமான் அத்தனையும் பெட்டிக்குத் திரும்பியதா என்று எண்ணிப் பார்க்காமல் இன்ஜினை ஓட்ட விடமாட்டார்களாம். உள்ளே மறந்து விட்ட ஒன்று போதும், விமானத்தைக் கீழே தள்ள. இது விமானமில்லை, பிரசார வண்டி என்று மந்திரியிடம் யார் சொல்வது? ராகுகாலம் நெருங்குகிறது என்று கட்சிச் செயலாளர் தெலுங்கில் மன்றாடினார்.

“கெடைக்கிற வரைக்கும் வண்டி நகரக் கூடாது” என்றார் மாமா. எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் இதற்கு ஆட்டவில்லை.

மந்திரியின் உத்தரவாயிற்றே! போலீஸ்காரர்கள் சாலையோரப் புல்லைக் கிளறினார்கள். என் நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கடியில் நுழைந்தார். மாமா டார்ச்சோடு மறுபடியும் இன்ஜினுக்குள் குனிந்தார்.

அப்போது அத்தை காரிலிருந்து இறங்கினாள். கூட்டம் வழிவிட்டது. நேராக மாமாவின் பின்னால் போய் நின்று, மாலைகளை ஒதுக்கி, சட்டைக் காலருக்குள்ளிருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவினாள். வேலை செய்யும்போது அதைப் பின்கழுத்தில் செருகிக்கொள்வது அவருடைய பழைய பழக்கம். மாலைகள் மூடியிருந்ததில் அவருக்கே மறந்துவிட்டது.

“எங்க சொருகிக்கினு எங்க தேடறீங்க? மந்திரியானாலும் இந்தப் புத்தி மட்டும் போவாது உங்களுக்கு!”

கூட்டம் சிரித்துத் தீர்த்தது. மாமாவும் சிரித்தபடி கையை நீட்டினார்.

“இது என்கிட்டவே இருக்கட்டும். எண்ணிக்குங்க” என்றாள் அத்தை.

அவள் கையில் இருந்ததையும் சேர்த்து எண்ணிவிட்டு, “சரியா கீது, எடு வண்டிய” என்றார் மாமா. அத்தை ஏணியில் கால் வைத்தாள். நான் ஒரே ஓட்டமாக ஓடிப்போய் அவள் பின்னால் ஏறினேன்.

திருப்பதியில் மேளம் காதைப் பிளந்தது. மேலேயிருந்தெல்லாம் பூ கொட்டியது. இருவருக்கும் சேர்த்து ஆரத்தி எடுத்தார்கள். நடுவில் நின்று, தேர்தலில் ஜெயித்ததே நான்தான் என்பதுபோலக் கையாட்டினேன். வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதுவரை வந்ததில்லை. அத்தனை பேர் நடுவில் திட்டிய அத்தை எதற்காக ஏறினாள் என்று யோசிக்கக்கூட எனக்கு நேரமில்லை. நிமிர்ந்து பார்த்தால், அவள் கண் கலங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவையில் கிரீஸ் கறை படிவதுகூடத் தெரியாமல் அந்த ஸ்க்ரூ டிரைவரை நெஞ்சோடு பிடித்திருந்தாள். பாவம், கீழே வைக்க இடமில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“என்கிட்ட குடு அத்தே, நான் வச்சிக்கிறேன்” என்றேன்.

அவள் தரவே இல்லை.