மாரீஸ்வரியின் பதினொரு பன்றிகள்

மார்க்கையன்கோட்டையில் ஒரு பெண் பன்றி வளர்க்கப் போகிறாள் என்று தெரிந்ததும் டீக்கடையில் மூன்று நாளைக்கு வேறு பேச்சே ஓடவில்லை. முந்தின வாரம் ஓடிப்போன ஜோடியைக்கூட ஊர் மறந்துவிட்டது. பாவம், அந்த ஜோடி திரும்பி வந்தபோது விசாரிக்க ஆளில்லை.

அந்தப் பெண் மாரீஸ்வரி. எட்டு வருஷம் விடியுமுன் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போய்வந்தவள். பத்துப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினாறு பேர். பக்கத்தில் இருப்பவளின் தூக்குவாளி விலாவில் குத்தக் குத்த மலையேறி, சாயங்காலம் அதே வாளியோடு இறங்குவாள். மூட்டு தேய்ந்து காலை மடக்க முடியாமல் போனதும், இனி ஜீப்பில் ஏறுவதில்லை என்று முடிவெடுத்து, ஆனி மாசம் பதினொரு வெண்பன்றிக் குட்டிகளைக் கொண்டுவந்து கொட்டகையில் விட்டாள்.

வாழைத்தார் ஏற்றும் வேலைக்குப் போகும் புருஷன் வேல்பாண்டி அன்றைக்கே சொல்லிவிட்டான்.

"கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னாடி குமுளியில இருந்து பன்னி வாங்க ஜோஸ் சேட்டன் வருவாரு. எம்பது கிலோவுக்குக் கீழ இருந்தா தொடமாட்டாரு. அவரு எடுக்கலைன்னா தை மாசம் நீ ஜீப்புல ஏறு. டிரைவர்கிட்ட எடம் சொல்லி வச்சிட்டேன்."

"அதுக்குள்ள எடம் புடிச்சாச்சா? கல்யாணத்துக்கு மண்டபம் புடிக்கக்கூட நீங்க இம்புட்டு வெரசா போகலையே" என்றாள் மாரீஸ்வரி.

மாட்டாஸ்பத்திரியில் ஜோதிகா என்று ஒரு சின்ன வயசு டாக்டர். அவள் ஒரு தாளில் தீவனக் கலவையை எழுதிக் கொடுத்திருந்தாள். மக்காச்சோளம், தவிடு, சோயாப் புண்ணாக்கு, கொஞ்சமாகக் கடலைப் புண்ணாக்கு, தாது உப்பு. கடைசியில், நூறு கிலோவுக்கு முந்நூறு கிராம் லைசின். அது ஒரு வெள்ளைப் பொடி. பொட்டலமாக அவளே வாங்கித் தந்தாள்.

பொட்டலத்தை முதலில் பார்த்தது வேல்பாண்டியின் சித்தப்பா ஒச்சாண்டி. அடுத்த வீடு. தன் வீட்டில் என்ன குழம்பு என்று அவருக்குத் தெரியாது. இந்த வீட்டில் என்ன குழம்பு என்று தெரியும்.

"ஏத்தா, இது ஊத வைக்கிற மருந்து. கேரளாக்காரன் மோந்து பாத்தே கண்டுபிடிச்சிருவான். வந்த வண்டிய வெறும் வண்டியாத் திருப்பிருவான், ஆமா."

வண்டி திரும்பிப் போனால் மாரீஸ்வரிக்குத் தை மாசம் ஜீப்தான். பொடியை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தாள். அதற்கு ஈடாகக் கடலைப் புண்ணாக்கை அள்ளினாள். சின்னமனூரில் அண்ணன் செக்கு ஓட்டுகிறான், புண்ணாக்குக்குப் பஞ்சமில்லை. காசு கொடுத்து வாங்கும் சோயாவையும் நிறுத்தினாள். அம்மா வீட்டுப் பசுவுக்குப் புண்ணாக்கு கூடக் கூடப் பால் கூடியதைக் கண்ணால் பார்த்தவள் அவள். பசுவுக்கு ஒரு நியாயம், பன்றிக்கு ஒரு நியாயமா?

பன்றிகள் வளரவில்லை. புண்ணாக்கில் ஒரு படி கூட்டினாள். தீவனத்தில் பாதியை மிச்சம் வைத்தன. இன்னொரு படி கூட்டினாள். தண்ணீராகக் குடித்து, தண்ணீராகவே விட்டன. கொட்டகையில் நின்றால் கண்ணில் மிளகாய் தூவினாற்போல் எரிந்தது. ஒச்சாண்டி மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டே பல் தேய்த்தார். எப்படித் தேய்த்தார் என்பது இன்றுவரை தெருவில் விடை தெரியாத கேள்வி.

புரட்டாசி நடுவில் டாக்டர் வந்தாள். டேப்பால் நெஞ்சுச் சுற்றளவை அளந்து கணக்குப் போட்டாள். முப்பத்தஞ்சு கிலோ. ஐம்பதைத் தொட்டிருக்க வேண்டியவை.

"அக்கா, நான் எழுதிக் குடுத்ததத்தான் போடுறீங்களா?"

"அதத்தான் போடுறேன்" என்றாள் மாரீஸ்வரி, தொட்டியைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் ஒரு பிடி தீவனத்தை அள்ளி மோந்தாள். விரலிடுக்கில் தேய்த்துவிட்டுத் திரும்பவும் மோந்தாள். மாரீஸ்வரிக்குத் தை மாசமும் ஜீப்பும் கண்முன் வந்து நின்றன. உள்ளே போய்ப் பொட்டலத்தை எடுத்துவந்து நீட்டினாள். அதன் வாய்கூடப் பிரிக்கப்படவில்லை.

"கேரளாக்காரக கண்டுபிடிச்சிருவாகன்னு அடுத்த வீட்டு மாமா சொன்னாக."

"கண்டுபிடிக்க ஒண்ணுமில்லக்கா. சோயாவுல, மீன்ல எல்லாம் இருக்கிற சத்துதான் இது. கடலைப் புண்ணாக்குல கம்மி. புரோட்டீன் கூடக் கூட லைசின் தேவையும் கூடும். நீங்க அதக் கூட்டிட்டு இத நிறுத்திட்டீங்க. மாட்டு வயித்துல இருக்கிற கிருமி இல்லாத சத்தையும் செஞ்சு குடுத்துரும். பன்னிக்கு அந்த வசதி இல்ல."

"அப்ப புண்ணாக்கு ஜீப்பு, பொடிதான் டிரைவரு. ஜீப்பு நெறைய நிக்கிது, ஓட்ட ஆளில்ல. டிரைவர் வரலைன்னு நான் இன்னும் நாலு ஜீப்பக் கொண்டாந்து நிப்பாட்டியிருக்கேன்" என்றாள் மாரீஸ்வரி.

"ம், அதேதான்க்கா."

"ஓடாத ஜீப்பு ரோட்ட அடைச்சுக்கிட்டு நிக்கும். அத ஒதுக்கித் தள்ளவே பெரும்பாடு."

"மிஞ்சின சத்த மூத்திரத்துல தள்ளுற வேலைதான் இந்த வாடை" என்றாள் டாக்டர், கண்ணைத் துடைத்தபடி. "புண்ணாக்கப் பாதியாக் குறைங்க. சோயாவத் திரும்பப் போடுங்க. பொடியும் அளவாத்தான். அதையும் படியில அள்ளிராதீங்க."

குறைத்துப் போட்டு வளர்க்க அவளுக்குக் கை வரவேயில்லை. தராசில் நிறுத்தபின், இன்னும் ஒரு பிடி போடு என்று கை தானாகப் போகும், இழுத்துக்கொள்வாள். பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. பதினோராம் நாள் காலை ஒச்சாண்டி வேலியருகே வந்து நின்றார்.

"என்னத்தா, வாடையக் காணோம். எல்லாத்தையும் வித்துட்டியா?"

"அங்கனதான் இருக்கு மாமா. துண்ட அவுத்துட்டுப் பாருங்க."

அதற்குப் பிறகு பன்றிகள் தொட்டியை நக்கித் துடைத்தன. வாரா வாரம் டேப் கூடுதலாக நீண்டது. ஆனாலும் கார்த்திகை முழுக்க, எண்பதைத் தொட நாள் போதுமா என்று மாரீஸ்வரி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஜோஸ் சேட்டன் சொன்ன வாரத்தில் வண்டியோடும் தராசோடும் வந்தார். எதையும் மோந்து பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். எண்பத்திரண்டு. எண்பத்தொன்று. எண்பத்தைந்து. வேல்பாண்டி பிடித்துத் தள்ளிவிட்டு முள்ளைப் பார்த்தான். மாரீஸ்வரி அவன் முகத்தைப் பார்த்தாள். ஏழு எண்பதைத் தாண்டின. எட்டாவது எழுபத்தொன்பதரை.

"அரைக் கிலோவில் எந்தா? ஏத்திக்கோ" என்றார் ஜோஸ். மிச்சம் மூன்றும் எழுபதைத் தாண்டவில்லை. "இது ஈஸ்டருக்கு வேணும். கூட இருபது குட்டியும் கொட்டகையில விட்டுக்கோ. எல்லாம் நானே எடுக்கும்."

வண்டி போனதும் வேல்பாண்டி போனை எடுத்து ஜீப் டிரைவரைக் கூப்பிட்டான்.

"அண்ணே, தைக்குச் சொன்ன எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருங்க."

"ஏன்ப்பா, வீட்டுல ஒடம்பு முடியலையா?"

வேல்பாண்டி கொட்டகைப் பக்கம் பார்த்தான். மாரீஸ்வரி தராசில் சோயாவை நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கா. அவளுக்கு நேரம் இல்ல."