அந்த நீலச் சட்டையை எடுக்காதீங்க!

போன ஞாயிற்றுக்கிழமை சில இளம் ஓவியர்கள் என்னையும் அழைத்துக்கொண்டு ஒரு பழைய அரண்மனைக்குப் படம் போடப் போனார்கள். 'சீனியர் ஆர்ட்டிஸ்ட்' என்று மரியாதை. வெயிலில் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கொடுத்தார்கள்.

பிரஷ்ஷை நனைத்திருக்க மாட்டோம். வாட்ச்மேன் வந்துவிட்டார்.

"பெர்மிஷன் இருக்கா?"

இருந்தது. பிரியா என்கிற ஆர்ட் காலேஜ் பெண் லெட்டரை நீட்டினாள். அவர் அதை வாங்கிப் படித்தார். திருப்பிக் கொடுத்தார். போகவில்லை.

"அது சரி... இவ்வளவு பெரிய அரண்மனை இருக்கையில, இந்த மூலைக் கதவை மட்டும் எதுக்கு வரையறீங்க?"

பிள்ளைகளுக்குக் கோபம் வந்துவிட்டது. நாட்டில் கலைக்கு மதிப்பில்லை, நம்மைத் திருடர்கள் மாதிரி பார்க்கிறான் என்று முணுமுணுத்தார்கள். நான் மட்டும் வாட்ச்மேன் கட்சி. நியாயமான கேள்விதானே? ஒரு கதவை ஒருத்தன் காலையிலிருந்து மத்தியானம் வரை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் சந்தேகம் வராதா? எனக்கு வரும். அடிப்படையில் நானும் சந்தேகப் பேர்வழிதான்.

இந்த வாட்ச்மேனெல்லாம் சாது. நாங்கள் சந்தேகம் பார்த்தது எல்லைப் போராட்டக் காலத்தில்!

அப்போது நான் பாறசாலையில் மிஷன் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். திருவனந்தபுரம் ராஜ்யத்தில் இருந்த தெற்குத் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று தமிழர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் ஓரத்துக் கிராமங்களும் எங்களுக்குத்தான் என்று இவர்கள். ஒரு தென்னை மூடு கூடத் தர மாட்டோம் என்று மலையாளிகள். ஊர்வலம், தடியடி, துப்பாக்கிச்சூடு, கைது... சாயங்காலமானால் கடைத்தெருவில் நாலு பேர் சேர்ந்து நிற்க முடியாது. எந்த வீட்டுப் பையன் எந்தக் கட்சி, எவன் போலீசுக்குத் துப்புக் கொடுக்கிறான் — ஒருவருக்கும் ஒருவர் மேல் நம்பிக்கை கிடையாது. தமிழில் பேசினால் ஒருவன் முறைப்பான், மலையாளத்தில் பேசினால் இன்னொருவன் முறைப்பான். நாங்களோ இரண்டையும் கலந்து பேசுகிற ஜாதி. இரண்டு பேரும் முறைத்தார்கள்.

இந்த லட்சணத்தில் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை தோறும் பழைய கோயில், பழைய மண்டபம் என்று தேடிப்போய்ப் படம் போட்டுக்கொண்டிருந்தோம். பைத்தியம்தான், வேறென்ன?

ஒன்று நான். இரண்டாவது ஞானசிகாமணி. மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஞாயிறு ஆராதனையை முடிக்காமல் கிளம்ப மாட்டார். ஆராதனைக்குப் போட்ட கோட்டையும் பூட்சையும் கழற்றவும் மாட்டார். மூன்றாவது சுகுமாரன். நெய்யாற்றின்கரையில் நாடகத்துக்கு சீன் திரை வரைகிறவன். வீட்டில் மலையாளம், எங்களோடு தமிழ் மாதிரி ஒன்று. அதிகம் பேச மாட்டான். அதிகம் பேசாதவன் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண்.

குளத்தூர்ப் பக்கம் தோப்புக்குள் ஒரு கல்மண்டபம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு அன்று அங்கே போனோம். வழிப்போக்கர் தங்க யாரோ கட்டியது. தூண்களில் பழைய எழுத்து. ஒரு பக்கம் ஆலமரம், கிணறு. இன்னொரு பக்கம் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன ஓட்டு வீடு. எதிரே டீக்கடை. வெயில் மண்டபத்துக்குள் சாய்ந்து விழுந்திருந்தது. அடடா, அந்த வெளிச்சம்!

மூன்று கால் ஸ்டாண்டை விரித்து அதன் மேல் போர்டை வைத்தோம். பிறகு எல்லா ஓவியர்களும் செய்கிற காரியத்தைச் செய்தோம். கையை நேராக நீட்டி, பென்சிலை நிறுத்திப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, தூண் எத்தனை உயரம், ஓடு எத்தனை அகலம் என்று கட்டை விரலால் அளந்தோம்.

டீக்கடையில் பேச்சு நின்றது.

மூன்று கால் ஸ்டாண்டு. கோட்டும் பூட்சும் போட்ட ஆசாமி. ஒற்றைக் கண்ணால் அளவு. நாடே எல்லைக்கோடு எங்கே விழும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில்! வேறு என்ன நினைப்பார்கள்?

"சர்வேக்காரன் வந்தாச்சு" என்று செய்தி பரவிவிட்டது.

முதலில் வந்தவர் செல்லையா என்பவர். தமிழ்க் கட்சி.

"நீங்க அளவெடுக்க வந்த ஆளுவளாக்கும். சென்னைக்காரனா, திருவனந்தபுரத்துக்காரனா? அத மட்டும் சொல்லும்."

"அளவெல்லாம் இல்ல வோய். படம் போட வந்தோம்."

"படமா? பூட்சும் மாட்டிக்கிட்டு ஞாயித்துக்கெழமை படம் போட எவன் வருவான்? எலே, நான் என்ன பொட்டனா?"

நான் பேப்பரைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். குரல் மாறியது. "செரி, போடும். அந்தத் தூணுல உள்ள எழுத்த நல்லாத் தெளிவா போடணும், கேட்டீரா? தமிழாக்கும் அது. நாளைக்கு ஒருத்தன் கேட்டா காட்ட ஆதாரம் வேணும்."

அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் டீக்கடைக்காரர் இந்தப் பக்கம் வந்தார். அவர் எதிர்க்கட்சி. என் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"சாறே... எழுத்து வேண்டா. கல்லு மதி."

கல்லை மட்டும் போட்டால் போதுமாம். எழுத்தைப் போட்டால் ஒரு கட்சி, விட்டால் இன்னொரு கட்சி. ஒரு தூணை வரைவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. போட்டேன். அழகாகவே வந்தது. பக்கத்திலிருந்த சுகுமாரனை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் தன் படத்தில் எழுத்து இருந்த இடத்தை நிழலாக்கி விட்டிருந்தான். ஓஹோ, அப்படியா சேதி என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

டீக்கடைக்காரர் போகவில்லை. ஊர் விவரம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஓட்டு வீட்டில் தங்கம்மை என்றொரு விதவை இருக்கிறாள். ஒரே மகன். போராட்டத்தில் இறங்கி, போலீஸ் தேடுகிற புள்ளியாகிவிட்டான். அகப்பட்டால் எலும்பை எண்ணிவிடுவார்கள். "கொழும்புக்குப் போயாச்சுன்னாக்கும் அவ சொல்லுது. போயிருப்பான்... ஆருக்கறியாம்?"

நான் 'உம்' கொட்டினேன். உண்மையைச் சொன்னால் பாதி காதில் விழவில்லை. என் கவனமெல்லாம் அந்த வீட்டு முற்றத்தில் இருந்தது. செம்மண் சுவர், அதன் முன்னால் துணி காயப்போடும் கயிறு, கயிற்றில் ஒரு நீலச் சட்டை. சாம்பலும் செம்மண்ணுமாகக் கிடந்த என் படத்துக்கு அந்த நீலம்தான் உயிர்! வைத்துவிட்டேன். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிவது வரை.

கொஞ்ச நேரத்தில் தங்கம்மையே வந்துவிட்டாள். எனக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"எனக்க வீட்டயும் எழுதியாச்சா பிள்ளே?"

"ஆமாம்மா. நல்லா வந்திருக்கா?"

திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. "வீடு எதுக்கு? மண்டபம் போராதா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு விடுவிடென்று முற்றத்துக்குப் போய்க் கயிற்றில் கை வைத்தாள்.

எனக்கோ சட்டையின் நிழல் இன்னும் பாக்கி!

"அம்மா! அந்த நீலச் சட்டையை எடுக்காதீங்க! இன்னும் முடியலை!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

டீக்கடை அப்படியே உறைந்து நின்றது. அவள் சட்டையைச் சுருட்டி மார்போடு சேர்த்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். என்ன பொம்பிளை இவள், ஒரு சட்டையைக் கொஞ்ச நேரம் விட்டுவைத்தால் குறைந்தா போய்விடுவாள் என்று எனக்கு எரிச்சல்.

நிழல் போட்டு முடிப்பதற்குள் சைக்கிள் மணி கேட்டது. ஸ்டேஷன் ஏட்டு வந்துவிட்டார், ஒரு போலீஸ்காரரோடு. சர்வேக்காரர்கள் விஷயம் அங்கும் போயிருக்கிறது. கோட்டைப் பார்த்ததும் முதலில் ஞானசிகாமணிக்கு ஒரு சல்யூட் வைத்தார். அவர் கம்பவுண்டர் என்று தெரிந்ததும் அந்த சல்யூட்டுக்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

டீக்கடைப் பக்கம் திரும்பி, "இஞ்ச வேற விசேஷம் ஏதாம் உண்டா?" என்று அதட்டினார்.

"ஒண்ணும் இல்ல ஏமானே" என்றார் செல்லையா.

"ஒண்ணும் இல்ல ஏமானே" என்றார் டீக்கடைக்காரரும். அந்த இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் அன்றுதான் பார்த்தேன். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஏட்டு என் ஸ்டாண்டுக்கு முன் வந்து நின்றார்.

"உள்ளது உள்ளபடியாக்கும் போட்டிருக்கியோ? இல்ல, மனசுல தோணினதா?"

ஒரு ஓவியனிடம் கேட்கிற கேள்வியா இது? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "ஏமானே, கண்ணால கண்டது அல்லாம ஒரு புள்ளி வைக்க மாட்டேன்!"

"பாப்போம்."

படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து இடத்தைப் பார்த்தார். மறுபடி படம். இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தார்.

"ஆலமரம்... உண்டு. கிணறு... உண்டு. தூணு... உண்டு. எழுத்து... ம், அதும் உண்டு."

எத்தனையோ எக்ஸிபிஷன் வைத்திருக்கிறேன். பேப்பரில் விமர்சனம் எழுதுகிறவர்கள் பலர் என் படங்களைப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஏட்டு பார்த்த மாதிரி இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. சந்தேகப்படுகிறவனுக்குத்தான் ஐயா கண் இருக்கிறது, ரசிகனுக்கு வாய்தான்!

விரல் படத்தின் வலது பக்கம் நகர்ந்தது. "வீடு... உண்டு. கயிறு... உண்டு..."

சளார்!

பிரஷ் கழுவுகிற தண்ணீர், ஒரு டப்பா நிறைய. என் படத்தின் மேல் பாதி, ஏட்டின் காக்கிச் சட்டை மேல் மீதி. டப்பாவைக் கையில் பிடித்தபடி சுகுமாரன். "கால் தடுக்கிப் போயி... க்ஷமிக்கணும் ஏமானே..."

ஏட்டு விட்ட அறை தோப்பு முழுக்கக் கேட்டது. சுகுமாரன் கீழே விழுந்தான். அதற்குப் பிறகு படத்தை யார் பார்க்கிறார்கள்? சேறும் சகதியுமான ஒரு காகிதம். சட்டையைப் பிழிந்துகொண்டே எங்களை ஊரைவிட்டு ஓடச் சொன்னார். ஓடினோம்.

பஸ்ஸில் நான் சுகுமாரனை விட்டு வைக்கவில்லை. தடுக்கி விழ அங்கே கல்லும் கிடையாது, வேரும் கிடையாது. நான்தான் பார்த்தேனே!

"வேணும்னேதான் ஊத்தின! தமிழ் எழுத்து நல்லா வந்துட்டுதுன்னு ஒனக்கு வயித்தெரிச்சலாக்கும்! நீயும் அந்தக் கட்சிதானே!"

ஞானசிகாமணி என் கையைப் பிடித்து அடக்கினார். நான் அடங்கவில்லை. சுகுமாரன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. பாறசாலை நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தான்.

"எடே, அந்த வீட்டில ஆணாப் பிறந்தவன் ஆரெங்கிலும் உண்டா?"

"இல்லைன்னுதானே டீக்கடைக்காரர் சொன்னார்? மகன் கொழும்புல..."

"பின்ன, நனைஞ்ச சட்டை ஆருக்கது?"

மடியில் இருந்த ஈரப் படத்தை விரித்துப் பார்த்தேன்.

"கயித்தில கெடந்தத அவ எடுத்துட்டா" என்றான் சுகுமாரன். "ஒனக்க படத்தில கெடந்தத ஆரு எடுக்கும்?"

நீலச் சட்டையை எடுக்காதீங்க என்று நான் போட்ட கூச்சல் காதிலேயே நின்றது.

பிற்பாடு எல்லையும் விழுந்தது, வழக்குகளும் போயின. அந்த ஊர் கேரளத்திலேயே நின்றுவிட்டது. தங்கம்மையின் மகன் பெருங்கடவிளைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு வியாபாரம் செய்கிறான் என்று சுகுமாரன் ஒரு தடவை சொன்னான். நான் எல்லைக்கு இந்தப் பக்கம் மார்த்தாண்டம் வந்து சேர்ந்தேன். சுகுமாரன் அந்தப் பக்கமே இருந்துவிட்டான். அவன் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் எல்லை தாண்டிக்கொண்டுதான் இருந்தோம்.

அந்தப் படத்தைக் காய வைத்து, பிரேம் போட்டு, முன் அறையில் மாட்டியிருக்கிறேன். போன ஞாயிறு சாயங்காலம் பிரியாவும் கூட்டாளிகளும் வீட்டுக்கு வந்தபோது அதன் முன்னால்தான் நின்றார்கள். "அப்ஸ்ட்ராக்டா சார்? பிரமாதம்! வலது பக்கம் இப்படிக் கசிஞ்சு ஓடுதே, அந்த நீலம் என்ன சார்?"

ஆகாயம் என்று சொல்லிவிட்டேன். பெண் நல்ல பெண்தான்... இருந்தாலும் எதற்கு வம்பு?