கல்பனா எதற்காகப் போனாள்

ஓடிப்போனாளா? எதிர்வீட்டுச் சிட்டம்மாள் வாயில் மண்ணைப் போட. லாரி டிரைவரோடு போனாளாம், இவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தாளாம்! என் பேரன் பஞ்சாட்சரத்தின் பெண்டாட்டி கல்பனா போனது ஆஸ்பத்திரிக்கு. கேட்க வந்தாயே, ஒன்றையும் விடாமல் எழுதிக்கொள், சொல்கிறேன்.

அவள் மாகறல் ஊர்ப் பெண். நான்கு வருஷம் இந்த வீட்டில் வாழ்ந்தாள். நடவில் அவள் கைவேகம் இந்த ஊரில் யாருக்கும் வராது. வாய் கொஞ்சம் நீளம்தான், மறைக்கவில்லை. கூடப் பிறந்தவன் தம்பி மோகன் ஒருவன்தான்.

போன தை மாதம் மோகனுக்கு விடாத காய்ச்சல், ஈறில் ரத்தம். சென்னையில் பார்த்து ரத்தப் புற்றுநோய் என்றுவிட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்த கல்பனா எங்களுக்கு விவரம் சொன்னாள்.

"எலும்புக்குள்ள மஜ்ஜைன்னு கீது ஆயா, ரத்தம் அங்கதான் ஊறுது. போதும், நிறுத்துன்னு சொல்றதுக்கு ஒரு மரபணு கீதாம். கெட்டுப்போன அணுவை அழிச்சிடறதும் அதுதான். அப்பாகிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணுன்னு வாங்கிக்கினு பொறக்கிறோம். மோகனுக்கு ரெண்டுமே வேலை செய்யல. மோட்டாரை நிறுத்த ஆளில்லாத கழனி மாதிரி, முத்தாத வெள்ளையணு பெருகிக்கினே போவுது."

மருந்து கொடுத்து அடக்கியிருக்கிறார்கள். ஆனால் திரும்பவும் வருமாம். அவன் பிழைக்க வேறொருவர் மஜ்ஜை வேண்டும். பொருந்தியது இவளுடையதுதான். அதிலும் ஒரு சிக்கல். அந்தப் பழுது பிறப்பிலேயே வந்ததென்றால் இவளுக்கும் இருக்கலாம், இருந்தால் இவள் மஜ்ஜை உதவாது. அதை முதலில் சோதிக்க வேண்டும்.

என் மருமகள் கங்கம்மாள் சோற்றுத் தட்டைத் தள்ளினாள்.

"கெட்ட ரத்தத்தை மறைச்சுத்தான் எங்க தலையில கட்னாங்களா உங்கூட்ல?"

"எங்களுக்கே தெரியாதே அத்தை. தெரிஞ்சிக்கத்தான் போறேன்."

"நாலு வருசமா வயிறு தொறக்கல. எலும்பையும் உறிஞ்சிட்டா இன்னா தொறக்கும்?"

"எடுத்தது கொஞ்ச நாள்ல ஊறிடுமாம். புள்ளைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு டாக்டர் சொன்னாரு."

"டாக்டரா உன்னை வெச்சி சோறு போடப் போறாரு?"

மறுநாளே கங்கம்மாள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். நடவுக்குப் போன இடத்தில் கல்பனாவின் சொம்பில் ஒருத்தியும் தண்ணீர் குடிக்கவில்லை. தொட்டால் ஒட்டுகிற நோயா அது? படித்த பிள்ளைகள் இருக்கிற தெருதானே இது!

ஆஸ்பத்திரியில் சோதனைக்கு வெள்ளிக்கிழமை ஆதார் அட்டையோடு வரச் சொல்லியிருந்தார்கள். வியாழனன்று அவள் ஆதார் அட்டையைக் காணோம். கங்கம்மாள் அதை அரிசி டிரம்மில் புதைத்ததைப் பார்த்தேன். எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

"கெய்வி, உன் வேலையா?" என்று பாய்ந்தாள்.

"ஆமாண்டி, என் வேலைதான். இன்னா பண்ணுவ?" என்றேன்.

வெள்ளி காலையில் பஞ்சாட்சரம் வாசல் நிலையில் கையை ஊன்றி வழியை மறித்து நின்றான். அம்மாவுக்குப் பயந்தவன்.

"படி தாண்டுனா திரும்பி வராத."

"என் எடத்துல நீ இருந்தா இன்னா பண்ணுவ?"

தெருக்குழாயடியில் குடம் நிரம்பி வழிய, சிட்டம்மாள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கல்பனா அவன் கையை நிலையிலிருந்து விலக்கினாள்.

"தள்ளு. ஒம்பதே கால் பஸ்ஸை வுட்டா அடுத்தது மத்தியானம்தான்."

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.