துரை கோபுரத்தில் ஒரு திவசம்

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்கால். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் பதுளை ரயிலுக்காக நின்றோம். என் சட்டைப் பையில் இரண்டு அடையாள அட்டைகள், வெள்ளவத்தைப் பொலிசில் பதிந்த துண்டு, அதன் பிரதி, கிராம சேவகரின் கடிதம், தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரையின் அனுமதி. கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கதவுக்கு எந்தக் காகிதம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கதவுகள் திறப்பதில்லை என்பது வேறு கதை.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஒழுங்கை முடியும் இடத்தில் ரயில் பாதை. அதைத் தாண்டினால் கடல். அப்படியிருக்க, கடல் தெரிகிற கோபுரத்தில் ஏற அப்புத்தளை மலைக்குப் போகவேண்டும் என்று என் மனைவி புஷ்பம் சொன்னாள். அந்தப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் அவளுடைய தம்பி சிவம் ஓய்வு பெறும்வரை மருந்து கலந்து கொடுத்தவன். கலியாணம் செய்யாதவன். "அக்கா, ஒருக்கா வாங்கோ. ஞாயிறு ஞாயிறு நான் ஏறிப் பாக்கிறனான், கடல் தெரியும்" என்று சொல்லிக்கொண்டேயிருப்பான். ஓய்வுக்குப் பிறகு ஊருக்குத் திரும்பியவன், போன வருடம் யாழ்ப்பாணத்தில் மாரடைப்பால் போய்விட்டான். யுத்தத்தால் பாதை மூடியிருந்தது. கப்பலுக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை ஒரு பிழையுமில்லாமல் எழுதிக் கொடுத்தேன். அனுமதி வந்தது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு.

இப்போது ஆட்டைத் திவசம், ஒரு வருட நிறைவு. அங்கே அவனுக்குப் படைக்க ஆளில்லை. அந்தக் கோபுரத்தில் படைக்கவேண்டும் என்பது புஷ்பத்தின் முடிவு. அதற்கு விண்ணப்பப் படிவம் இல்லை.

நானுஓயா தாண்டியதும் குளிருக்கு ஜன்னலைச் சாத்தினோம். பிற்பகலில் அப்புத்தளையில் இறங்கிப் பொலிசில் எங்கள் வருகையைப் பதிந்துவிட்டுக் கோயில் மடத்தில் தங்கினோம்.

சனிக்கிழமை விடிய முன்னரே புஷ்பம் குளித்து மடத்துச் சமையலறையில் அடுப்பு மூட்டினாள். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, உளுந்து வடை. படையலை யாரும் ருசி பார்க்கக்கூடாது. உப்புக்கூடக் கையளவுதான், நாக்களவு இல்லை. எல்லாவற்றையும் சாப்பாட்டுக் கரியரில் அடுக்கினாள். என்னை மோந்து பார்க்கவும் விடவில்லை.

ஓட்டோ முந்நூற்றைம்பது ரூபாய், காத்திருப்பதும் சேர்த்து. சாரதி முருகேசு கோபுரமிருக்கும் தோட்டத்திலேயே பிறந்தவர். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. காவல் உள்ள இடங்களின் பெயரை எழுதாமல் விடுவது இப்போது எனக்குப் பழகிவிட்டது.

கோபுரத்துக்கு இரண்டு வரலாறு உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். வெள்ளைக்காரத் துரை ஒருவரின் ஒரே மகன் முதலாம் உலகப் போரில் பிரான்சில் இறந்தான். உடல் கிடைக்கவில்லை. மகன் கப்பலேறிப் போன கடல் தெரியும்படி தகப்பன் இந்த உச்சியில் கல்லால் கோபுரம் எழுப்பினார். இது ஒன்று. கொழுந்து பறிப்பவர்கள் ஒழுங்காகப் பறிக்கிறார்களா என்று பார்க்கக் கட்டியது என்பது மற்றது. எது சரி என்று முருகேசுவிடம் கேட்டேன்.

"ரெண்டும்தாங்க ஐயா. அந்தப் பக்கம் திரும்பி மகனப் பாத்தாரு. இந்தப் பக்கம் திரும்பி எங்களப் பாத்தாரு. கல்லு தூக்குனது எங்க ஆளுங்க."

"உங்கட ஆக்களின்ர பேர் கல்லில இருக்கோ?"

"நீங்க வேற, ஐயா."

உச்சியில் மண்மூட்டைக் காவல் நிலை. கோபுரம் இப்போது யுத்தத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. இராணுவக் கோப்ரல் ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். நான் காகிதங்களை வரிசைப்படி நீட்டினேன். அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கரியரைத் தொட்டார்.

"மொனவத மே?" இதெல்லாம் என்ன என்று கேட்டார்.

"சாப்பாடு" என்றேன் சிங்களத்தில்.

அவர் மூடியைத் திறந்து புஷ்பத்திடம் காட்டினார். "கன்ன அம்மே, பொட்டக் கன்ன." கொஞ்சம் தின்று காட்டச் சொன்னார். சாப்பாடு கொண்டுவருபவர்தான் முதலில் தின்று காட்டவேண்டும். அது அவர்களுடைய ஒழுங்கு. எனக்கும் தெரிந்த ஒழுங்குதான். ஆனால் இந்தச் சோற்றில் அது செல்லாதென்று யோசிக்கவில்லை.

புஷ்பம் கரியரை மார்போடு அணைத்தாள். வெள்ளவத்தைச் சந்தையில் பழகிய சிங்களத்தில், "பே புத்தே. இஸ்ஸெல்லா மல்லிட்ட" என்றாள். முடியாது மகனே, முதலில் தம்பிக்கு.

"மல்லி கோ?" தம்பி எங்கே?

அவள் கோபுரத்தின் உச்சியைக் காட்டினாள்.

கோப்ரல் துப்பாக்கியைக் கையிலெடுத்து மேலே பார்த்தார். இன்னொரு சிப்பாய் மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து எழுந்தான். முருகேசு ஓட்டோவுக்குள் நன்றாகவே குனிந்துவிட்டார். எனக்குத் தெரிந்த சிங்களச் சொற்களைத் தேடிப் பொறுக்கினேன். கடைசியில், "அவர் செத்துவிட்டார். இன்று ஒரு வருடம். இது அவருக்குப் படைக்கிற சோறு" என்று சொல்லி முடித்தேன்.

கோப்ரல் துப்பாக்கியைத் தாழ்த்தினார். திறந்த மூடியைத் தானே மூடினார். "எங்கள் வீட்டிலும் பிக்குகளின் தானத்துக்குச் சமைக்கும்போது அம்மா உப்புப் பார்ப்பதில்லை" என்றார். பிறகு கட்டளையாக, "நானும் மேலே வருவேன். கொடுத்து முடிந்ததும் என் முன்னால் நீங்கள் தின்னவேண்டும்."

இதைவிட நல்ல தீர்ப்பைக் கொழும்புப் புதுக்கடைக் கோர்ட்டிலும் நான் கேட்டதில்லை.

படி சுழன்று சுழன்று போனது. புஷ்பத்தின் முழங்கால் இடையில் மறுத்தது. கோப்ரல் கரியரை வாங்கிக்கொண்டார். நடுவழியில் சுவரில் பதித்த கல். ஆங்கிலத்தில் ஒரு பெயர், கீழே 'இங்கில்லாத மகனுக்கு' என்ற கருத்தில் ஒரு வரி. புஷ்பம் என்னவென்று கேட்டாள். சொன்னேன். அந்தக் கல்லை ஒருமுறை தடவிவிட்டு ஏறினாள்.

உச்சியில் பனிமூட்டம். கடலுமில்லை, தேயிலையுமில்லை. கைப்பிடிச் சுவரின் மேல் வாழையிலைத் துண்டை விரித்து ஒவ்வொன்றாக வைத்தாள். "சிவம், அக்கா வந்திட்டனடா" என்றாள், பக்கத்து அறையில் இருப்பவனிடம் சொல்வதுபோல.

காகம் வரவில்லை. அது தொடாமல் நாங்கள் தொட முடியாது. நான் கூப்பிட்டேன். புஷ்பம் கூப்பிட்டாள். கோப்ரல் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு கையை வாயருகே குவித்து அவரும் "கா, கா" என்றார். முகாம் சமையலறைப் பக்கமிருந்து ஒன்று வந்தது. அரசாங்கச் சோறு தின்று கொழுத்த காகம். வடையைக் கொத்திக்கொண்டு பனிக்குள் போனது. புஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இப்போது" என்றார் கோப்ரல்.

நான் வடையைக் கடித்தேன். உப்பே இல்லை. குழம்பைத் தொட்டேன், அதிலும் இல்லை. பழக்கமில்லாத சமையலறை, இருட்டு, உப்புச் சாடி கைக்கு வரவேயில்லை போல. புஷ்பமும் ஒரு வாய் தின்றுவிட்டு ஒரு வடையைக் கோப்ரலிடம் நீட்டினாள். அவர் மென்றார். ஒரு கணம் நின்றார். "ஹொந்தாய் அம்மே", நல்லாயிருக்கு அம்மா, என்று முழுதையும் தின்று முடித்தார்.

இறங்கும்போது அவள் என் காதில் சொன்னாள்: "அவனுக்குப் பிரஷர் தானே. தோட்டம் முழுக்க உப்பைக் குறை உப்பைக் குறை எண்டு திரிஞ்சவன். இண்டைக்குச் சந்தோசப்பட்டிருப்பான்."

மிச்ச வடையை முருகேசு வாங்கிக்கொண்டார். "லுணுமிரிஸ் சம்பலோட தின்னா ஒண்ணும் தெரியாதுங்கம்மா."

ஞாயிறு மாலை வெள்ளவத்தை. ஒழுங்கை முகப்பிலுள்ள காவலரணில் பையை அவிழ்த்துக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம். கோப்பி குடித்த கையோடு புஷ்பம் கடற்கரைக்குக் கூப்பிட்டாள். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே நின்று பார்த்தோம். மூட்டமில்லை, ஏறவும் தேவையில்லை, சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

"சிவம் அங்கயிருந்து பாத்தது இந்தக் கடலைத்தானே?"

அங்கிருந்து தெரிவது தெற்குக் கடல். இது மேற்கு. திருத்துவதற்கு வாயெடுத்தேன்.

"ஓம்" என்றேன்.