பிரேக் இல்லாத சீட்

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவருக்கு ஊர் வைத்த பெயர் பட்டாசு மாஸ்டர். கற்றுக்கொடுப்பதில் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பழகுகிறவர்கள் கிளட்ச்சை வெடுக்கென்று விட்டால் போதும், மனிதர் வெடித்துவிடுவார். "ஏ எருமை! மண்டையில என்ன களிமண்ணா? கண்ணு பின்னாடியா இருக்கு?" என்று அவர் போடும் சத்தத்தில் எதிரே வருகிறவன்கூடத் தன் வண்டியை ஓரங்கட்டி நின்றுவிடுவான்.

கல்யாணமான புதிதில் மனைவிக்கும் ஓட்டச் சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டார். கடைத்தெருவின் நட்டநடுவில் வண்டி நின்றுபோயிற்று. மாஸ்டர் வெடித்தார். கடைக்காரர்கள் தராசை அப்படியே விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அந்தம்மா கதவைத் திறந்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

அதற்கு அடுத்த வருஷம்தான் மாஸ்டர் இயேசுவை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்தார். தண்ணீரில் முங்கியதும் கோபமும் முங்கிச் செத்துவிடும் என்று அடித்துச் சொன்னார். பாவம், அது நீச்சல் தெரிந்த கோபம். மறுநாள் காலையிலேயே ஒரு சைக்கிள்காரரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, போதகர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து அழுதார்.

"ஒரே நாள்ல முடியுற வேலையா ஐயா இது? பிறந்த குழந்தை அன்னைக்கே எழுந்து நடக்குமா?" என்று போதகர் தேற்றி அனுப்பினார்.

மாஸ்டர் நடை பழகிய அழகு இருக்கிறதே! முதலில் எருமையையும் களிமண்ணையும் விட்டார். காலியான இடத்தில் வேதாகமத்துப் பகைவர்களின் பெயர்களைக் கொண்டுவந்து நிரப்பினார். "ஏ பெலிஸ்தியா! சிக்னல் தெரியலையா?" "அமலேக்கியா, வழிய விடுடா!" இப்படியே பரிசுத்தமாகத் திட்டிக்கொண்டு வந்தவர், ஒருநாள் முன்னால் போன ஸ்கூட்டரையும் பெலிஸ்தியன் ஆக்கினார். திரும்பிப் பார்த்தது போதகர். பெலிஸ்தியர்களின் கதை அன்றோடு முடிந்தது.

அப்புறம் பாட்டுக்கு மாறினார். கோபம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கீர்த்தனை முனகுவார். "மாஸ்டர் ராகம் எடுத்துட்டாரு, கிளட்ச்சைப் பாரு" என்று பழகுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். வருஷங்கள் ஓடின. முனகலும் தேய்ந்துபோயிற்று. தலை நரைத்த மாஸ்டருக்குப் பட்டாசு என்று ஏன் பெயர் வந்தது என்றே புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விளங்கவில்லை.

இதோடு மனிதர் சும்மா இருந்திருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, "கோபம்னா என்னன்னே எனக்கு மறந்துபோச்சு. கர்த்தர் அதை வேரோட பிடுங்கிட்டார்" என்று சாட்சி சொன்னார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது. அது யாருடைய இருமல் என்று அவருக்கா தெரியாது?

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி ஆரம்பித்தாள். "அப்போ எனக்கு ஓட்டச் சொல்லிக்குடுங்க."

"குடுத்துட்டாப் போச்சு! நாளைக்கே ஸ்கூல் வண்டிய எடுத்துட்டு..."

"ஸ்கூல் வண்டி வேண்டாங்க. அதுல உங்க காலுக்கடியிலயும் ஒரு பிரேக் இருக்கு. நம்ம கார்லயே சொல்லிக்குடுங்க. நீங்க ஒரு தடவை கத்தினாலும் இறங்கிடுவேன். அப்புறம் சாகுற வரைக்கும் ஏற மாட்டேன்."

இத்தனை வருஷப் பொறுமைக்கும் காலடியில் ஒரு பிரேக் இருந்தது என்பது அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. அவள் இன்னொரு தடவை இறங்கி நடந்தால் அவரால் தாங்க முடியாது.

காலி மைதானத்தில் பழகியதெல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அங்கே மோதுவதற்கு என்ன இருக்கிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "இன்னைக்குச் சபைக்கு நான்தான் ஓட்டுவேன்" என்று மனைவி சாவியை எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்த மாஸ்டர் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் விரிப்பையே சுருட்டிவிட்டார். வளைவுக்கு ஒரு ஜெபம், லாரிக்கு இரண்டு ஜெபம். வண்டி கடைத்தெருவுக்குள் நுழைந்தது. அதே கடைத்தெரு.

குறுக்கே ஒரு மோட்டார் சைக்கிள் பாய்ந்தது. மனைவி பிரேக்கை அழுத்தினாள். வண்டி குலுங்கி நின்றது. மாஸ்டர் வாயைத் திறந்தார். ஆனால் சத்தம் அடுத்த சீட்டிலிருந்து வந்தது.

"ஏ எருமை! மண்டையில என்ன களிமண்ணா? கண்ணு பின்னாடியா இருக்கு? பெலிஸ்தியா! அமலேக்கியா!"

ஜன்னலுக்கு வெளியே நீட்டிய தலையை உள்ளே இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கீர்த்தனை முனக ஆரம்பித்தாள். மாஸ்டர் இத்தனை காலம் வளர்ந்த வளர்ச்சி முழுவதும் வரிசை மாறாமல் ஒரே மூச்சில் வந்து விழுந்துவிட்டது. முனகலை நிறுத்தி அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கர்த்தாவே! இது என் வாயா?"

"இல்லம்மா, என்னோடது. நான் விட்டுத் தொலைச்சதெல்லாம் உன்கிட்டதான் வந்து சேர்ந்திருக்கு." மாஸ்டர் சிரிக்க ஆரம்பித்தார். அவளும் சிரித்தாள். இருவருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. மாஸ்டருடைய கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

"அன்னைக்கு இதே இடத்துல நான் கத்தியிருக்கக் கூடாது. கர்த்தர்கிட்ட எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டுட்டேன். உன்கிட்ட ஒரு தடவைகூடக் கேக்கலை. மன்னிச்சிடும்மா."

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பின்னால் பத்து வண்டிகள் ஹார்ன் அடித்தன.

"அடிக்கிறாங்க பாருங்க."

"அடிக்கட்டும். நீ நிதானமா கியரைப் போடு."

சபையின் வாசல்வரை ராணி மாதிரி ஓட்டிவந்தவள், உள்ளே திருப்பும்போது மாஸ்டர் தினமும் துடைத்து வைக்கும் காரைக் கேட் தூணில் கறகறவென்று தேய்த்துவிட்டாள். மாஸ்டரின் தொண்டையிலிருந்து ஒரு கீர்த்தனை மெல்லக் கிளம்பியது.

"கோபமா?"

"ஆமா. நல்ல கோபம்."

"வேரோட பிடுங்கிட்டாருன்னு சொன்னீங்க?"

"பிடுங்கிட்டே இருக்கார்மா" என்று சொல்லிவிட்டு, கீறலைப் பார்க்க மாஸ்டர் இறங்கினார். மனைவி இறங்கவில்லை. நேராக நிறுத்திக் காட்டாமல் விடுவதில்லை என்று ரிவர்ஸ் கியரைத் தேடிக்கொண்டிருந்தாள்.