நிற்காத பாட்டுப்பெட்டி

வாயில் குண்டூசி இருக்கும்போதுதான் தையல்காரம்மா தாராளமாகப் பேசுவாள். உதட்டோரம் நாலைந்து ஊசிகளைக் கவ்விக்கொண்டு, வந்தவரின் காலடியில் மண்டியிட்டு நகர்ந்தபடியே, "கொஞ்சம் நிமிந்து நில்லுங்க. வீட்லயும் இப்படித்தான் கூன் போட்டு நிப்பீங்களா?" என்பாள். ஊசிகளை எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்திய மறுகணம் பேச்சு நின்றுவிடும். வருடக்கணக்காக இதைப் பார்த்துவரும் தெருக்காரர்களுக்கு, அவளிடம் ஏதாவது சமாச்சாரம் கறக்க வேண்டுமென்றால் எந்த நேரத்தில் போக வேண்டும் என்பது அத்துப்படி.

புதுத்துணி தைக்க மாட்டாள். பிரிப்பது, பிடிப்பது, குறைப்பது, கூட்டுவது மட்டும்தான். "புதுசு யாரு வேணா தைப்பாங்க. அடுத்தவன் தப்பாத் தச்சதைப் பிரிச்சு, பிரிச்சது தெரியாமத் தைக்கணும். அதுல இருக்கு விஷயம்." பேருந்தில் பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால் அவள் விரல்கள் தன்போக்கில் போய் அவர்கள் சட்டைக் கையின் ஓரத்தைத் தடவிப் பார்க்கும். திட்டும் வாங்கியிருக்கிறாள்.

முன்னறைதான் கடை. ஜன்னலோரம் தையல் எந்திரம், சுவரில் ஆளுயரக் கண்ணாடி, கொக்கிகளில் பேர்ச்சீட்டு குத்திய துணிகள். உள்ளறைக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். அங்கே ஒரு நாற்காலியில் அவள் கணவர் உட்கார்ந்திருப்பார். தெருவில் அவருக்கு லாரிக்காரர் என்றே பெயர். இப்போது லாரி இல்லை. வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போனது. பேச்சில் திரும்பி வந்தவை கொஞ்சம்தான். ஏய், வா, போதும். இவற்றோடு ஒரு கெட்ட வார்த்தை. லாரி ஓட்டிய காலத்தில் வீட்டுக்குள் ஒருநாளும் சொல்லாதது. அது மட்டும் தடங்கலே இல்லாமல் வரும்.

அவருக்கு மிச்சமிருந்த பெரிய சந்தோஷம் பாட்டு. லாரி ஓட்டிய காலத்தில் வாங்கிய உள்ளங்கை அளவுப் பாட்டுப்பெட்டி ஒன்று உண்டு. நடுவில் வட்டமாக ஒரு சக்கரம். கட்டைவிரலை அதன்மேல் வைத்துச் சுற்றினால் பாட்டுகளின் பெயர்கள் ஓடும். கைபேசி அவருக்குச் சரிப்படவில்லை. பழக்கமில்லாத இடது விரல் திரையில் வழுக்கி, பாட்டுக்குப் பதில் யாருக்காவது அழைப்பு போய்விடும். அப்படிப் போன ஒரு அழைப்பில், மேல்கோட்டைக் குறைக்கக் கொடுத்திருந்த ஒரு அம்மாள் அந்தக் கெட்ட வார்த்தையைத் தெளிவாகக் கேட்டார். மறுநாளே வந்து கோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சக்கரம் நல்லபடிதான் இருந்தது. வயதானது உள்ளே சுழலும் தட்டுக்குத்தான். பாட்டுகளெல்லாம் அந்தத் தட்டில்தான் இருந்தன. ஒரு பாட்டு பாதி ஓடும். பெட்டிக்குள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல் டக் டக் என்று கேட்கும். பிறகு சத்தமே இருக்காது. உடனே உள்ளறையிலிருந்து குரல் வரும்: "ஏய்! வா!"

அவள் எழுந்து போய், பெட்டியைக் குப்புறப் பிடித்து, கைக்குழந்தைக்கு ஏப்பம் வரவைப்பதைப் போல முதுகில் தட்டிக் கொடுத்துத் திரும்பத் தருவாள். பாடும். அவள் வந்து உட்கார்ந்து ஊசியில் நூல் கோப்பதற்குள் மறுபடி, "ஏய்!"

"நான் தைக்கிறேனா, இல்ல உங்ககூட ஓடிப்பிடிச்சு விளையாடுறேனா?" என்று கத்திக்கொண்டே போவாள்.

ஒரு வாரம், தட்டிக் கொடுத்தும் பெட்டி எழாமல் வெகுநேரம் கிடக்க ஆரம்பித்தது. லாரிக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போட்டு வைத்த சோறு அப்படியே இருந்தது. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனாள். கைபேசி பழுது பார்க்கும் கடை.

"அக்கா, இதைத் தூக்கிப் போட்டுட்டு நல்ல போனா ஒண்ணு வாங்கிக் குடுங்க."

"போன்ல சக்கரம் இருக்கா?"

"அது எப்படிக்கா இருக்கும்?"

"அப்ப அந்தப் பேச்சை விடுப்பா."

கடைக்காரர் யோசித்தார். தட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சின்னப் பலகை ஒன்றை வைத்து, அதில் மெமரி கார்டு செருகலாம் என்றார். கார்டில் சுழல எதுவும் இல்லை, தேய எதுவும் இல்லை. கீழே போட்டாலும் பாடும். பலகையை வரவழைத்தும் கொடுத்தார். பழைய பாட்டுகளைத் தன் கணினிக்கு மாற்றினார். குப்புறப் பிடித்தால்தான் தட்டு ஓடும் என்பதால் அதுவரை பெட்டியைத் தூக்கிப் பிடித்து நின்றவள் அவள்தான். ஆனால் மூடியைத் திறக்கும் கட்டம் வந்ததும் கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டார்.

"மூடிக்கும் உடம்புக்கும் நடுவுல நாடா மாதிரி மெல்லிசா ஒயர் ஓடுதுக்கா. பிஞ்சுதுன்னா மொத்தமும் போச்சு. அப்புறம் அண்ணன் என்னைப் பாத்து அந்த வார்த்தையைச் சொல்லுவாரு. நான் மாட்டேங்க்கா."

"பிரிக்கிறதுதானே," என்றாள் அவள்.

தையல் மேசையில் வெள்ளைத்துணி விரித்து, விளக்கைத் தாழ்த்தி, வாயில் வழக்கம்போல் ஊசிகளைக் கவ்விக்கொண்டாள். சட்டைக் காலர் விறைப்பாக நிற்பதற்கு உள்ளே வைக்கும் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை எடுத்து, மூடியின் இடுக்கில் நுழைத்து மெதுவாக ஓட்டினாள். துணியில் கீறல் படாமல் தையலை மட்டும் அறுப்பவளின் கை. மூடி ஒரு விரற்கடை எழும்பியதும் நிறுத்திக்கொண்டாள். அதற்குமேல் தூக்கினால் நாடா தாங்காது. உள்ளறை நாற்காலியில் லாரிக்காரர் இடது கையால் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். "அங்கேருந்து முறைக்காதீங்க. எனக்குக் கை ஓடல," என்றாள் ஊசிகளுக்கு நடுவிலிருந்து.

தட்டு வெளியே வந்தது. பலகையும் கார்டும் உள்ளே போயின. கார்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. தட்டு இருந்த இடத்தில் பாதி காலியாகக் கிடந்தது. ஆட்டிப் பார்த்தாள், கடகடத்தது. "தொளதொளன்னு இருக்கே. இப்படியா விடுறது?" காலருக்கு வைக்கும் கேன்வாஸ் துணியை அளவெடுத்து வெட்டி, இரண்டு மடிப்பாக உள்ளே வைத்து மூடினாள். கடைக்காரர் கணினியிலிருந்து பாட்டுகளை ஏற்றிக் கொடுத்தார். சில போயிருந்தன, பெரும்பாலும் தப்பித்திருந்தன. முதல் பாட்டு காதில் விழுந்ததும் லாரிக்காரர் கோணல் வாயால் சிரித்து, "போதும்," என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

அதன்பிறகு பெட்டி நிற்கவே இல்லை. காலையில் காதில் மாட்டினால் சாயங்காலம்வரை ஓடும். அவள் எழுந்திருக்காமல் தைத்தாள். தேங்கிக் கிடந்த துணிகளெல்லாம் கொக்கிகளை விட்டுப் போயின. முட்டி வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் வாயில் ஊசி இல்லாமலேயே அந்தப் பெருமையைப் பேசினாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். அந்த வாரம் வந்தபோது அவள் படங்களைக் காட்டி எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். லாரிக்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

"என்னம்மா ஆச்சு? போன தடவை ரெண்டு வார்த்தை சேத்துச் சொன்னாரே. இப்ப ஒண்ணுகூட வரலையே. வீட்ல பேசுறாரா?"

தையல்காரம்மா யோசித்துப் பார்த்தாள். அந்த வாரத்தில் அவர் அவளை ஒருதடவைகூடக் கூப்பிட்டிருக்கவில்லை. கூப்பிட என்ன இருக்கிறது? பெட்டி நின்றால்தானே!

"இருக்கிறதை விட்டுட்டா, மறுபடி புடிக்கிறது ரொம்பக் கஷ்டம்மா," என்று சொல்லிவிட்டுப் போனாள் அந்தப் பெண்.

மறுநாள் தையல்காரம்மா கடைக்காரரிடம் போய், "அந்தப் பழைய தட்டையே திரும்ப மாட்டிரலாமா?" என்று கேட்டாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எப்படியும் அந்தத் தட்டு செத்துப் போயிருந்தது. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேல் விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு பொத்தான். அதைத் தள்ளினால் திரையில் பூட்டுப் படம் வரும். சக்கரத்தை என்ன சுற்றினாலும் பெட்டி அசையாது. சட்டைப்பையில் இருக்கும்போது தானாக ஏதும் அமுங்காமலிருக்க வைத்தது.

அன்று முதல் காலையில் பெட்டியை அவர் கையில் கொடுக்கும் முன், முந்தானைக்குள் வைத்து அந்தப் பொத்தானைத் தள்ளிவிடுவாள்.

"ஏய்! வா!"

"என்ன வேணும்? சொன்னாத்தானே தெரியும்?" எந்திரத்தை விட்டு அவள் எழவில்லை.

"பூ... பூ..." வரவில்லை. பதிலாகக் கெட்ட வார்த்தை வந்தது.

"அது வேணாம். அது நல்லாத்தான் வருது. மத்ததைச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டாள். வாயில்லாத மனுஷனை வதைக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் எழவில்லை. வெகுநேரம் கழித்து, "பூட்டு," என்று வந்தது. ஓடிப் போய்த் திறந்தாள். பத்துப் பதினைந்து நாளில் அது "பூட்டிக்கிச்சு" ஆயிற்று. பிறகு, "பூட்டிக்கிச்சு, திற."

"கட்டின புருஷனையே ஏமாத்துறீங்களேக்கா," என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

"நீ சும்மா இரு. உன் வாய்க்கும் ஒரு பொத்தான் வாங்கி வச்சிருக்கேன்."

ஒருநாள் காலையில் கனமான கம்பளிக் கோட்டு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அவசரத்தில் பெட்டியை அப்படியே கொடுத்துவிட்டு வந்து தைக்க உட்கார்ந்தாள். பாதித் தையலில்தான் நினைவு வந்தது. தலையைத் தூக்கினாள். ஆளுயரக் கண்ணாடியில் உள்ளறை நாற்காலி தெரிந்தது. லாரிக்காரர் கண்ணை மூடிப் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு கண்ணைத் திறந்தார். பாட்டை நிறுத்தினார். பெட்டியை மடியில் நிமிர்த்தி வைத்து, கட்டைவிரல் நகத்தை மேல் விளிம்பில் கொடுத்துத் தள்ளினார். வழுக்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி தள்ளினார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, அது அசையவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, முகத்தை ஒன்றும் தெரியாதவர்போல் வைத்துக்கொண்டார்.

"ஏய். இங்க வா. பூட்டிக்கிச்சு."

அவள் தையலை முடித்து, நூலை அறுத்து, எழுந்தாள். "வரேன், வரேன். இந்தப் பெட்டிக்கு வேற வேலையே இல்ல."

இப்போதெல்லாம் அவள் அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை. இருந்தாலும் மதியத்துக்குள் நாலைந்து முறையாவது அது பூட்டிக்கொண்டுவிடுகிறது.