நான் ஓட்டும் அவருடைய கார்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்ற பெண்கள் என்ன செய்கிறார்களோ எனக்குத் தெரியாது. நான் ஒரு வருடத்துக்கும் மேலாக பெஹாலாவில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, ஹூக்ளிப் பாலத்தைத் தாண்டி, கோனா எக்ஸ்பிரஸ்வேயில் ஏறி, என் கணவர் "அமுக்கு" என்றால் ஆக்ஸிலரேட்டரை அமுக்கி, "விடு" என்றால் விட்டுக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்து சீட்டில் மடியில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருப்பார். சாலையைப் பார்க்கவே மாட்டார். ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைச் சொருகி வைத்திருந்தார். இன்ஜினுக்குள் நடப்பதையெல்லாம் அது கோடுகளாக டேப்லெட்டுக்கு அனுப்பும். அவருடைய கண் அந்தக் கோடுகளில்தான் இருக்கும்.

"மூணாவது கியர்லயே இரு. ரெண்டாயிரம் ஆர்பிஎம்லேர்ந்து முழுசா அமுக்கு."

"முன்னாடி லாரி போகுதுங்க."

"லாரி போனதும் அமுக்கு."

"அந்த லாரிக்கு முன்னாடி இன்னொரு லாரி போகுது."

"அப்ப அந்தாண்ட போ."

அந்தாண்ட மூன்றாவது லாரி போய்க்கொண்டிருந்தது. அதைச் சொல்லி என்ன பயன் என்று ஹாரனை அமுக்கினேன்.

ஏதோ பந்தயக் கார் என்று நினைத்துவிட வேண்டாம். நான் ஆபீஸுக்குப் போய்வரும் சின்ன கார். ஒரு லிட்டர் இன்ஜின், மூன்று சிலிண்டர், கூடவே ஒரு டர்போ. வெளியே போகிற புகையின் வேகத்தில் சுற்றி, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கிற சின்ன விசிறிதான் டர்போ. கம்பெனி வைத்த அளவுக்கு மேல் இன்னும் கொஞ்சம் திணிக்கலாம், காரின் கம்ப்யூட்டரில் உள்ள கணக்கை மாற்றினால் போதும் என்பது அவர் கட்சி. என் ஆபீஸ் கிடர்பூரில், துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது. தாராதலாவில் நின்று, மாஜேர்ஹாட்டில் நின்று, கிடர்பூர் முனையில் கன்டெய்னர் லாரிக்கும் கைவண்டிக்கும் நடுவே மறுபடி நின்று போய்ச் சேர வேண்டியவளுக்கு, இருக்கிற பவரே தண்டம் என்பது என் கட்சி.

பிறகு ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

கார் அவர் ஆசைப்பட்டு வாங்கியது. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆன பிறகு, இந்தக் காரை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ போகத் திட்டம் போட்டிருந்தார். ரிட்டயர் ஆன அதே வருடம் கண் டாக்டர், நரம்பு கெட்டுவிட்டது, நேர்ப் பார்வைதான் மிச்சம், பக்கப் பார்வை போய்விட்டது, இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் இவர் சாவியை என் கையில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் வெளியே வரவே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். எதைக் கேட்டாலும் "உம்" என்பார். எங்கள் தெரு கிளப்பில் கேரம் ஆடக் கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணன் இரண்டு மூன்று தடவை வந்து பார்த்துவிட்டு, வருவதை நிறுத்திக்கொண்டார். எனக்கு பயமாக இருந்தது. ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது, வீட்டில் தனியாக என்ன செய்துகொண்டிருக்கிறாரோ என்று நடுநடுவே போன் போட்டுப் பார்ப்பேன்.

அப்போதுதான் ஒரு நாள் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்காரர்கள் சொன்னதை வீட்டில் வந்து ஒப்பித்தேன். "முட்டாள்தனமா இருக்கே" என்று எழுந்து உட்கார்ந்தார். பல மாதம் கழித்து அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். விளக்கு எதனால் எரிந்தது என்று கண்டுபிடிக்க அந்தக் கருவியை வரவழைத்தார். கண்டுபிடித்து முடித்ததும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இந்த இன்ஜினுக்குள் இன்னும் எவ்வளவோ தூங்கிக்கொண்டிருக்கிறது என்றார். நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

தாராதலாவில் ஒரு கராஜ்காரரைப் பிடித்தார். நடுவயது வங்காளி, லேப்டாப்பை காரில் செருகிக் கணக்கை மாற்றுகிறவர். "கிச்சு சிந்தா கொர்பேன் நா, பௌதி" என்று என்னை அண்ணியாக்கிச் சொன்னார். கவலையே படாதீர்கள் என்று ஒருவர் சொன்னால் அன்றிலிருந்துதான் எனக்குக் கவலை தொடங்கும். அதே வாரத்தில் தாராதலா மேம்பாலத்தின் மேல் 'டப்' என்று ஒரு சத்தம். டர்போவில் இருந்து வருகிற ரப்பர் குழாய் அழுத்தம் தாங்காமல் கழன்றுவிட்டது. பின்னால் வந்த மினி பஸ் கண்டக்டர் கதவைத் தட்டித் தட்டி என் வம்சத்தையே விசாரித்தார். ஆபீஸுக்கு லேட். என் மேலதிகாரியிடம் டர்போ குழாய் கழன்றுவிட்டது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னால், "பிரஷர் நல்லா ஏறியிருக்குன்னு அர்த்தம்" என்று முகமெல்லாம் சிரிப்பு.

குழாய்க்குக் கெட்டியான கிளாம்ப் போட்டார்கள். பிளக்கை மாற்றினார்கள். பிறகு காற்று போகிற வழி குறுகலாக இருக்கிறது என்று ஆராய்ச்சி. முன் கிரில்லுக்குப் பின்னால் இன்ஜின் மூச்சு இழுக்கிற வாயில் ஒரு சின்ன வலை இருக்கும். குப்பை போகாமல் இருக்கக் கம்பெனி வைத்தது. காற்றைத் தடுக்கிறது என்று அதைக் கழற்றிப் போட்டுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆயுத பூஜை வந்தது. ஊரெல்லாம் துர்கா பூஜைக் கூட்டம். நான் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கிரில்லில் குண்டாக ஒரு துலுக்கச் சாமந்தி மாலையைக் கட்டினேன். கழற்றக் கை வராமல் அது காய்கிற வரை அப்படியே ஓட்டினேன். அதற்குப் பிறகு கார் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அமுக்கினால் போகாது. பாலத்தில் ஏறும்போது பின்னால் இருந்து யாரோ இழுத்துப் பிடிப்பது மாதிரி இருக்கும். இவர் மறுபடி குழாயைச் சந்தேகப்பட்டார். அப்புறம் டர்போவையே சந்தேகப்பட்டார். பெட்ரோலைச் சந்தேகப்பட்டு வேறு பங்க்கில் போடச் சொன்னார். கடைசியில் என்னைச் சந்தேகப்பட்டார். "நீ கிளட்சுல காலை வெச்சுக்கிட்டே ஓட்டற" என்றார். கரக்பூர் ரயில்வே காலனியில் அப்பாவின் பழைய ஜீப்பில் ஓட்டிப் பழகியவள் நான். அன்று இரவு உப்புமாதான் என்று முடிவு செய்தேன்.

வாரம் தவறாமல் சனிக்கிழமை கராஜில் நின்றோம். ஒரு சனிக்கிழமை கராஜ்காரர் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே கையை விட்டு, கை நிறையக் காய்ந்த மஞ்சள் இதழ்களை அள்ளி என் முன்னால் நீட்டி, "புஜோர் ப்ரொஷாத், பௌதி" என்றார். பூஜைப் பிரசாதமாம். என் மாலையை இன்ஜின் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது.

"மாலை போட்டது யாரு?" என்றார் இவர்.

"வலையைக் கழட்டினது யாரு?" என்றேன் நான்.

கராஜ்காரர் டீ வாங்கி வருவதாகச் சொல்லி நழுவிவிட்டார். நான் விடவில்லை. மழையில் நின்றது, பஸ்காரனிடம் ஏச்சு வாங்கியது, ஆபீஸில் அசடு வழிந்தது எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத் திட்டினேன். "ஓட்டறது நான். நடு ரோட்டுல நிக்கறதும் நான். உங்களுக்கு உங்க கோடு நேரா இருந்தா போதும்" என்றேன். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் அவர் முகம் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டார். மறுநாளும் படுத்தே இருந்தார். என் நாக்கில் சூடு வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

மூன்றாம் நாள் அவரே அடுக்களைக்கு வந்து நின்றார். "பவரைக் கொஞ்சம் குறைச்சிடலாம். நீ வழியில நிக்காம போகணும், அதுதான் முக்கியம்" என்றார். அதற்குப் பிறகு அவர் போக்கே மாறியது. வலை பழைய இடத்துக்குப் போனது. லேப்டாப் கணக்கில் காற்றழுத்தத்தைக் குறைத்தார்கள். ஆயிலைக் கம்பெனி சொல்வதற்கு முன்பே மாற்றினார்கள். வெயிலில், ஜாமில், இன்ஜின் சூடாகும்போது பவரைத் தானாகவே குறைத்துக்கொள்ளும்படி செய்தார்கள். மழைக்காலம் முழுக்கக் கிடர்பூரில் தேங்கி நிற்கிற தண்ணீரிலும் கார் ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. பாலத்தில் ஏறும்போது வெண்ணெய் மாதிரி போனது. வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, எனக்கு அந்தக் கார் பிடித்துப்போய்விட்டது.

ஒரு ஞாயிறு கோனாவில் ஓடிவிட்டுத் திரும்பியதும் அவர் டேப்லெட்டை மூடினார். "அவ்வளவுதான். இனிமே இதுல தொட ஒண்ணும் இல்ல" என்று கருவியைப் பிடுங்கி அதன் அட்டைப் பெட்டியில் வைத்தார். நான் இருக்கிற சாமிக்கெல்லாம் நன்றி சொன்னேன். அடுத்த ஞாயிறு நேரம் கழித்து எழுந்தேன். இரண்டு தடவை காபி குடித்தேன். என் ஞாயிறு எனக்கே திரும்பி வந்துவிட்டது என்று அத்தனை நிம்மதி.

ஒரு வாரம் போயிருக்கும். ஆபீஸ் முடிந்து வந்தேன். அறையில் விளக்குப் போடவில்லை. ஃபிளாஸ்கில் நான் ஊற்றி வைத்துவிட்டுப் போன காபி அப்படியே இருந்தது. அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். எரிச்சலாக வந்தது. இந்த மனுஷனை நான் எத்தனை தடவை தூக்கி நிறுத்துவது? அதே சமயம் அழுகையும் வந்தது.

"ஏங்க, மூணாவது கியர்ல வண்டி ஒரு மாதிரி தயங்குது" என்றேன்.

திரும்பாமலேயே, "எந்த ஆர்பிஎம்ல?" என்றார்.

அதை நான் யோசித்து வைக்கவில்லை. "ரெண்டாயிரத்து ஐநூறு இருக்கும்."

"சமதளத்துலயா, ஏத்தத்துலயா?"

"ஏத்தத்துல."

எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைத் தேடினார்.

ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் ஏறும்போது மூன்றாவது கியரில் அமுக்கினேன். அந்தப் பக்கம் இறங்கி ஓரமாக நிறுத்தினோம். அவர் டேப்லெட்டில் இரண்டு விரலால் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு வருடமாக அவரோடு சேர்ந்து பார்த்ததில் எனக்கும் படிக்கத் தெரியும். கோடு ஏறி, சமமாக நின்று, அப்படியே போயிருந்தது. ஒரு பள்ளம் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. எனக்கே தெரிகிறதென்றால் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? மாட்டிக்கொண்டேன் என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஆமா. லேசா இருக்கு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சரி பண்ண நாளாகுமா?"

"ஆகும். ஒவ்வொரு வாரமும் வந்து பாக்கணும்" என்றார். "திருப்பு. இன்னொரு தடவை ஏறலாம்."

"என் ஞாயித்துக்கிழமை போச்சு" என்று முனகிக்கொண்டே வண்டியைத் திருப்பினேன். அவர் காதில் விழ வேண்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே முனகினேன்.